குழிக்குள்ளே ஆள்

"ஒங்க கையில மட்டும் பத்து விரலும் எப்படி இருக்கு?"

வந்ததும் வராததுமாகச் சண்முகக்கனி கேட்ட கேள்வி இது. வணக்கம் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை.

ஞானப்பூ தகரக் கொட்டகை வாசலில் ஒரு பிஸ்டனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உப்பளங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவள். அந்தக் கரையில் எஞ்சின் வேலைக்காரர்களை எண்ணினால் ஆள் கணக்கு சரியாக வரும், விரல் கணக்கு வராது. அவளிடம் மட்டும் வரும். கேட்டவனைவிட அவள் பத்து வயது இளையவள். ஆனாலும் தொழில் கற்க வருகிறவர்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள்.

அவள் அவனுடைய இடது கையைப் பார்த்தாள். சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை.

"ஒங்க ரெண்டு விரல யாரு எடுத்தா, அண்ணாச்சி?"

"இஞ்சின்."

"இஞ்சின் தானாவா கிளம்பிச்சு?"

சண்முகக்கனி கடல் பக்கம் பார்த்தான்.

"பாண்டி கிளப்புனான்."

"கெட்ட எண்ணத்துலயா?"

"இல்ல. ஒத்தாசைன்னு நெனச்சு."

"அப்போ விரல எடுத்தது ஒத்தாசை."

சொல்லிவிட்டு அவள் பிஸ்டனை ஊதினாள். அவனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

*

அந்த ஊரில் அது ஒரு பழக்கம்.

வரப்பில் நடந்து போகிறவன் கண்ணில் நின்றுபோன எஞ்சின் பட்டால் சும்மா போக மாட்டான். தண்ணீர் பாயாவிட்டால் அடுத்தவன் பாத்தி வீணாகுமே என்று ஹேண்டிலைச் செருகிச் சுற்றி, ஓடவிட்டுவிட்டுப் போவான். ஒருத்தன் ஹேண்டில் எல்லார் எஞ்சினுக்கும் பொருந்தும். யாரும் யாரையும் கேட்பதில்லை. யாரும் நன்றி சொல்வதும் இல்லை.

எஞ்சின் மேலே இருக்கும். பம்பு பக்கத்தில் ஆழமான குழிக்குள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பெல்ட் ஓடும். குழிக்குள் குனிந்து வேலை செய்கிறவன் மேலே போகிறவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். நல்ல மனசுக்காரன் எவனாவது அந்த நேரம் பார்த்து வந்தால் தீர்ந்தது கதை.

வெள்ளப்பாண்டி அப்படித்தான் வந்தான். பக்கத்து உப்பளத்துக்காரன். மூக்கு ஒழுகும் வயதிலிருந்து சண்முகக்கனிக்குக் கூட்டாளி. நின்ற எஞ்சினைப் பார்த்தான், சுற்றினான். குழிக்குள் பெல்ட்டில் கை வைத்திருந்தது கனி.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்றான் பாண்டி. கனி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்கு நின்ற பேச்சு.

பாண்டியோடு பேசுவதை நிறுத்தியவன், பாண்டியோடு பேசுகிறவர்களோடும் நிறுத்தினான். அப்புறம் ஊரில் யார் மிச்சம்? டீக்கடைக்குப் போவதை விட்டான். கோயில் கொடை விழாவுக்குப் போவதை விட்டான். அளத்து ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தானே பொங்கித் தானே தின்றான். பேச்சு மறந்துபோகவில்லை. நாக்குதான் துருப்பிடித்துப் போயிற்று.

*

"ஒங்களுக்கு என்னதான் வேணும், அண்ணாச்சி?"

"இஞ்சின்கிட்ட பத்திரமா இருக்க ஒரு வழி வேணும். யாரு தொணையும் இல்லாம. யாரு தயவும் இல்லாம."

"யாருமே இல்லாமலா?"

"யாருமே இல்லாம. மேஸ்திரியம்மா, வெரல் போனவங்கிட்ட எந்த மொதலாளியும் இஞ்சினத் தர மாட்டேங்கான். நீங்க ஒரு வார்த்த சொன்னா தருவான். இல்லன்னா எனக்குப் பொழப்பு கெடையாது."

ஞானப்பூ ஒரு எண்ணெய்த் துணியை அவன் பக்கம் வீசினாள். அவன் பிடித்துக்கொண்டான். சேர்த்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

*

முதல் வேலைக்கு இருவரும் சேர்ந்து போனார்கள்.

குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் ஞானப்பூ டீசலை அடைத்தாள். ஹேண்டிலை உருவி வைத்தாள். பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, மேலே ஒரு பழைய சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டாள். தொங்குவது எதுவும் இல்லை என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

சண்முகக்கனி தலையாட்டினான். இதெல்லாம் அவனுக்கும் தெரியும்.

பிறகு அவள் குழிக்குள் இறங்காமல் வரப்போடு நடக்க ஆரம்பித்தாள்.

பக்கத்துப் பாத்தியில் ஒரு பெண் உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நான் குழிக்குள்ள இறங்குதேன்."

"சரி, இறங்கு."

அதற்கடுத்த அளத்தில் ஒரு பெரியவர் ஓலைக் குடிலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். ஞானப்பூ அவரைத் தட்டி எழுப்பினாள்.

"மாமா, நான் குழிக்குள்ள இறங்குதேன்."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, சரி என்றார்.

திரும்பும்போது கனி சிரித்தான். சிரித்து நாளானதால் அது இருமல்போல வந்தது.

"தூங்குத மனுசன்கிட்ட போய்ச் சொல்லுதீங்களே."

"இப்போ முழிச்சுட்டாருல்லா."

வேலை முடிந்து மேலே ஏறியதும் அவள் மறுபடியும் அதே வரப்பில் நடந்தாள். ஏறிவிட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். பெரியவர் மறுபடியும் தூங்கியிருந்தார். மறுபடியும் எழுப்பினாள்.

"இவ்வளவுதானா வித்தை?" என்று கேட்டான் கனி.

"இவ்வளவுதான்."

"நான் வேற வழி பாக்கேன்."

"பாருங்க."

*

அவன் வேறு வழி பார்த்தான்.

பழுது பார்க்கப் போன ஒரு எஞ்சினின் டீசல் குழாயையே கழற்றித் தன் துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டான். டீசல் இல்லாமல் எவன் கிளப்புவான்? கொட்டகைக்கு வந்து ஞானப்பூவிடம் பெருமையாகச் சொன்னான். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பாதிச் சாப்பாட்டில் அந்த எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் தன் சைக்கிளில் இருந்த ரப்பர் குழாயை வெட்டி மாட்டி, ஓடவிட்டுவிட்டுப் போயிருந்தான். குழாயைக் கம்பி வைத்து இறுக்கிக் கட்டியும் இருந்தான்.

"நல்லவங்க ஜாஸ்தியான ஊரு அண்ணாச்சி" என்றாள் ஞானப்பூ.

*

அடுத்து அவன் ஒரு இரும்புச் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்தான். எஞ்சின் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே சங்கிலியை விட்டுச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டினான்.

ஞானப்பூ வந்து சக்கரத்தைப் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. ஹேண்டிலைப் போட்டுத் தன் முழு பலத்தோடு சுற்றிப் பார்த்தாள். அசையவில்லை.

"ரொம்ப நல்ல காரியம். இத விடவே விடாதீங்க. நானும் ஒண்ணு வாங்குதேன்."

கனிக்கு முகம் மலர்ந்தது. அவனை யாராவது பாராட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"அப்போ இனிமே யாருகிட்டயும் போய்ச் சொல்ல வேண்டாம்லா?"

அவள் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தப் பூட்டு வரப்புல போறவன்கிட்ட என்ன சொல்லுது?"

"தொடாதேன்னு சொல்லுது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இன்னும் யோசிங்க."

அவன் அன்று முழுவதும் யோசித்தான். கோபம்தான் வந்தது.

"நான் பாண்டிகிட்ட போய்ப் பேசணும். அதத்தான சுத்தி வளச்சுச் சொல்லுதீங்க?"

"பக்கத்து அளத்துல யாரு நிக்காங்களோ அவங்ககிட்ட சொல்லணும்."

"எனக்குப் பக்கத்துல அவன்தான் நிக்கான்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

சண்முகக்கனி தன் இடது கையை நீட்டிக் காட்டினான்.

"குழிக்குள்ள இருக்கேன்னு அவன்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான், மிச்சம் இருக்கத அவன் கையில குடுக்கதும் ஒண்ணுதான்."

ஞானப்பூ அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

*

சாயங்காலம் குடிசை வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தான். சுற்றிலும் வெள்ளையாகப் பாத்திகள். ஆள் நடமாட்டம் குறைந்துகொண்டே வந்தது. உப்பு வாரிய பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு ஊர்ப் பக்கம் போனார்கள். அவனைத் தாண்டும்போது மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் பாண்டியின் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றதும் பாண்டியும் வீட்டுக்குப் போகிறான் என்று அர்த்தம். அவன் வரப்போடு ஏதோ கத்திக்கொண்டு போவதும் ஓய்ந்தால் அந்தப் பக்கத்தில் மனித சத்தம் கிடையாது. ஒவ்வொரு நாளும் அது நிற்கும்போது கனிக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். வெறுப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

தனிமை அவனுக்கு வலித்தது. அந்த வலிக்கும் பாண்டிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு படுத்தான்.

*

பாண்டியின் அளத்தை ஒட்டி இருந்த ஒரு பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்று அதன் முதலாளி சொல்லி அனுப்பினார்.

"நீங்களே போங்க அண்ணாச்சி" என்றாள் ஞானப்பூ. "நம்ம முறப்படி முடிச்சுட்டு வாங்க. மொதலாளிகிட்ட நான் பேசுதேன்."

கனி போனான். டீசலை அடைத்தான். ஹேண்டிலை உருவினான். பெல்ட்டைக் கழற்றினான். சங்கிலியைப் போட்டுப் பூட்டிச் சாவியை டவுசர் பையில் போட்டுக்கொண்டான். வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு அரை டவுசரோடு நின்றான்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி.

பாண்டி தன் பாத்தியில் பலகை வைத்து உப்பை இழுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். அவன் கைகள் அப்படியே நின்றன. கனி ஏதாவது சொல்வான் என்று காத்திருப்பதுபோல இருந்தது.

கனி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழிக்குள் இறங்கினான்.

*

பம்பின் போல்ட்டுகளைத் தளர்த்தினான். மூன்று கழன்றன. நான்காவது துருவேறியிருந்தது. ஸ்பானரில் தொங்கி ஒரு இழுப்பு இழுத்தான். போல்ட் முறிந்தது. பம்பு சரிந்து அவன் வலது காலைக் குழிச் சுவரோடு சேர்த்து நசுக்கிக்கொண்டு நின்றது.

வலியில் கண் இருட்டியது.

தூக்கிப் பார்த்தான். தள்ளிப் பார்த்தான். நின்ற இடத்திலிருந்து அந்த இரும்பை அசைக்க ஒரு ஆளால் ஆகாது.

பம்பு ஓடாவிட்டால் குழிக்குள் உவர்நீர் ஊறும். அது முதலில் கணுக்காலை நனைத்தது. காயத்தில் உப்பு ஏறி எரிந்தது. பிறகு முழங்காலுக்கு வந்தது.

மேலே இரண்டு பேர் வரும் சத்தம் கேட்டது. பேச்சும் கேட்டது.

"இந்த இஞ்சின் நிக்கே."

"சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு பாரு. ஆளு பூட்டிட்டுப் போயிட்டான்."

"அப்போ சரி. வா."

இருவர் குரலும் கனிக்குத் தெரிந்த குரல்தான். பெயர்கூடத் தெரியும். ஆனால் பெயர் சொல்லி ஆளைக் கூப்பிட்ட பழக்கம் விட்டுப்போயிருந்தது. நாக்கைப் புரட்டி அவன் சத்தம் போடுவதற்குள் அவர்கள் நடந்துவிட்டார்கள். போட்ட சத்தத்தைப் பாண்டியின் எஞ்சின் தின்றுவிட்டது.

கத்தினான். தொண்டை வறண்டது. மறுபடியும் கத்தினான்.

அந்தப் பூட்டு அவனை எல்லாரிடமிருந்தும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

*

தண்ணீர் இடுப்புக்கு மேலே வந்தது. வெயில் குழியின் விளிம்பை விட்டு நகர்ந்தது.

பாண்டியின் எஞ்சின் நின்றது.

அத்தனை நாளும் நெஞ்சில் என்னவோ செய்த அந்த அமைதி இப்போது பயமாக மாறியது. பாண்டி வீட்டுக்குப் போகிறான். இனி இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை வராது.

வரப்பில் செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது. யார் நடை என்று கனிக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அப்படித்தான் நடக்க வரும்.

சத்தம் எஞ்சினருகே நின்றது. சங்கிலி குலுங்கியது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

தினமும் சாயங்காலம் பாண்டி வரப்போடு ஏதோ கத்திக்கொண்டு போவது கனிக்குக் கேட்டிருக்கிறது. குடித்துவிட்டுக் கத்துகிறான் என்று நினைத்திருந்தான். வார்த்தை இன்னதென்று கேட்டதில்லை. கேட்கப் பிரியப்படவும் இல்லை.

இதுதான் வார்த்தை. நின்ற எஞ்சின் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று அவன் இதைத்தான் கேட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

கனி வாயைத் திறக்கவில்லை.

இவனிடமா? வேறு யாராவது வருவார்கள்.

தண்ணீர் மார்பைத் தொட்டது.

வேறு யாரும் இல்லை. யாரும் இல்லாதபடி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்தவன் அவன்தான்.

செருப்புச் சத்தம் நகர ஆரம்பித்தது.

"பாண்டி!"

குரல் பாதி உடைந்து வெளியே வந்தது.

"ஏல, பாண்டி!"

செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு திரும்பி ஓடிவரும் சத்தம் கேட்டது. குழி விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. பின்னால் வெளிச்சம் இருந்ததால் முகம் தெரியவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கை?" என்று கேட்டான் பாண்டி.

"கை நல்லாருக்கு. காலுதான். பம்பு சாஞ்சிட்டு."

"சாவி எங்க?"

"டவுசர் பையில."

"அங்கனயே இருக்கட்டும். பூட்டத் தொறக்க வேண்டாம்."

தலை மறைந்தது.

கால்கள் ஓடிப் போகும் சத்தம் கேட்டது. தூரமாகிக்கொண்டே போயிற்று. பிறகு அதுவும் இல்லை. குழிக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது.

கனி கண்ணை மூடிக்கொண்டான். விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்தான். ஆஸ்பத்திரியில் தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது ஞாபகம் வந்தது. சாத்துக்குடிப் பை கட்டிலுக்கடியில் கிடந்து அழுகியதும் ஞாபகம் வந்தது. பாண்டி போனால் போகட்டும், அதில் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. அழுகை வந்தது. அழுதான்.

தூரத்தில், அந்தப் பெரியவரின் ஓலைக் குடில் பக்கத்திலிருந்து, தொண்டை கிழிய ஒரு குரல் கேட்டது.

"மாமா, எந்திரிங்க! கடப்பாரைய எடுத்துட்டு வாங்க!"

பிறகு ஊருக்குப் போகும் பாதைப் பக்கம், போய்க்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து அதே குரல் கத்தியது.

"யக்கா! திரும்பி வாங்க! யாரும் எந்த இஞ்சினையும் தொடாதீங்க! கனி குழிக்குள்ள இருக்கான், நானும் இறங்கப் போறேன்! உள்ள நாங்க ரெண்டு பேரு இருக்கோம்!"